தொட்டியில் மூன்று வாழை

ஸ்காட்லாந்து,
14.04.2024

மரியாதைக்குரிய மாமாவுக்கு, மருமகள் சரண்யாதேவி எழுதுவது.

சித்திரைப் பிறப்பன்று உங்களையும் அத்தையையும் நினைத்துக்கொண்டோம். நானும், உங்கள் மகனும், ஐஸ்வர்யாவும் சுகம். உங்கள் காது எப்படி இருக்கிறது? மார்கழி வெள்ளத்தோடு வந்த காய்ச்சலில் அது அடைத்துப்போனதிலிருந்து உங்களோடு போனில் பேச முடியவில்லை. அத்தையிடம் சொன்னால், அத்தை அதை உங்களிடம் கத்திச் சொல்வதற்குள் ஆத்தூர் முழுக்கக் கேட்டுவிடுகிறது. அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் தமிழில் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். உங்கள் மகன் மூன்று வாழைக்கன்றுகளை இணையத்தில் சொல்லி வரவழைத்திருக்கிறார். ஏத்தன் மாதிரி சமைக்கிற ரகமாம். வீட்டுக்குப் பின்னால் மண் இல்லை, சிமெண்ட் தளம்தான். அதனால் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் வைக்கப்போகிறார். இங்கே இன்னும் குளிர் விடவில்லை. மண் என்ன கலக்க வேண்டும், தண்ணீர் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். அவரே கேட்டிருப்பார், எழுதுவதற்கு அவருக்குச் சோம்பல்.

வேறு விசேஷம் இல்லை. வெள்ளத்தில் போன தோட்டத்தை மறுபடி நட்டாகிவிட்டதா? அத்தையை மாத்திரை மறக்காமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

வணக்கத்துடன்,
சரண்யா


ஆத்தூர்,
06.05.2024

மருமகள் சரண்யாதேவிக்கு, நயினார் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கு நானும் உன் அத்தையும் நலம். பேத்தி நன்றாகப் படிக்கிறாளா? காது அப்படியேதான் இருக்கிறது. மெஷின் வைத்தால் ஒரே இரைச்சல், கழற்றி வைத்துவிட்டேன். உன் கடிதத்தை உன் அத்தை தங்கத்தாய்க்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் சொல்லி அவள் கேட்கிறாள்.

வாழை விஷயம். தொட்டியின் அடியில் ஐந்தாறு ஓட்டை போடு. ஓடு, கல் கொஞ்சம் பரப்பி, மண்ணில் பாதிக்குப் பாதி மக்கிய உரமும், ஒரு பங்கு பருமணலும் கலந்து போடு. தண்ணீர் தேங்கினால் மண்ணுக்குள் இருக்கிற கிழங்குக் கட்டை அழுகும். குளிரில் அது தண்ணீர் குடிக்காது. விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. காற்று அடிக்காத மூலையில் வை.

நம் தோட்டத்தில் எண்ணூறு கன்று நட்டிருக்கிறேன். வெள்ளம் கொண்டுவந்த மணலை அள்ளவே இரண்டு மாதம் ஆயிற்று.

எனக்கு ஓர் ஆச்சரியம். முத்துச்செல்வத்துக்கு வாழை என்றாலே ஆகாது. தோட்டத்துக்கு வாடா என்றால், வாழைப்பால் கறை போகாது என்று சட்டையைக் காரணம் சொல்லிவிட்டுத் தூத்துக்குடி துறைமுகத்துக்கு ஓடினவன். கிரேன் மேலே ஏறி உட்கார்ந்தபிறகுதான் அவன் முகத்தில் சிரிப்பையே பார்த்தேன். அவன் வாழை வைக்கிறான் என்றால் நம்ப முடியவில்லை. அங்கே அவனுக்கு இப்போது என்ன ஷிப்ட்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

நயினார்


ஸ்காட்லாந்து,
09.06.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்னபடியே மண் கலந்து நட்டாயிற்று. இங்கே ஜூன் மாதத்திலும் காலையில் பத்து டிகிரிதான். ஆனாலும் மூன்றும் பிடித்துக்கொண்டன. தொட்டிகளுக்கு அடியில் சக்கரப் பலகை செய்திருக்கிறார். வெயில் நகர நகரத் தொட்டியையும் நகர்த்துகிறார். மண்ணில் ஒரு வெப்பமானி குத்தி வைத்து, நோட்டில் எழுதுகிறார். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு மண் பதினான்கு டிகிரி. புதன் மத்தியானம் இரண்டு மணிக்குப் பதினாறு. வியாழன் காலை ஒன்பதுக்குப் பதினொன்று. எல்லாம் உங்களுக்கு எழுதச் சொன்னார். ஒரு புது இலை விரியப் பத்து நாள் எடுக்கிறது, அது சரியா என்று கேட்டார்.

ஐஸ்வர்யா ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள்.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஆள் குறைவு. அதனால் எனக்குக் கூடுதல் நாள் வேலை. அத்தையிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

சரண்யா


ஆத்தூர்,
02.07.2024

மருமகளுக்கு,

நாங்கள் சௌக்கியம். மேல்காற்று பேய் மாதிரி அடிக்கிறது. இலையெல்லாம் நார் நாராகக் கிழிகிறது.

பத்து நாளைக்கு ஒரு இலை குளிருக்குச் சரிதான். அது கிடக்கட்டும்.

உன் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். செவ்வாய் காலை பதினோரு மணி, புதன் மத்தியானம் இரண்டு மணி, வியாழன் ஒன்பது மணி. கிரேன் ஓட்டுகிறவன் இந்த நேரமெல்லாம் வீட்டில் எப்படி இருப்பான்? ராத்திரி ஷிப்ட் என்றால் அந்த நேரத்தில் தூங்க வேண்டும். நான் ஷிப்ட் என்ன என்று கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. கூடுதல் நாள் வேலை உனக்கு என்று எழுதியிருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மாவிடம் போனில் பேசுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். முன்பெல்லாம் தங்கத்தாய் அரைமணி நேரம் சிரித்துக்கொண்டிருப்பாள். இப்போது இரண்டு நிமிஷம். "நல்லாருக்கேம்மான்னு சொல்லுதான், வச்சிருதான்" என்கிறாள்.

அவன் வேலைக்குப் போகிறானா இல்லையா? இதை உன் அத்தைக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. எனக்கு மட்டும் எழுது.

நயினார்


ஆத்தூர்,
25.08.2024

சரண்யாவுக்கு,

ஏழெட்டு வாரமாகப் பதில் இல்லை. தபால் தவறிவிட்டதோ என்று ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். தவறாது என்கிறார்கள். உன் அத்தை போன் பண்ணினால், சரண்யா டூட்டியில் இருக்கிறாள் என்று அவன் சொல்கிறானாம். எப்போது கேட்டாலும் டூட்டியா?

போன கடிதத்தில் நான் கோபமாக எழுதிவிட்டேனோ என்னவோ. கோபம் இல்லை தாயி. எதுவாக இருந்தாலும் எழுது. தெரியாமல் இருப்பதுதான் இரண்டு மாதமாக என்னைத் தின்கிறது. தோட்டத்துக்குப் போகிறேன், போன காரியத்தை மறந்து திரும்பி வருகிறேன்.

நீங்கள் மூவரும் நல்ல உடம்போடு இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

நயினார்


ஸ்காட்லாந்து,
10.09.2024

அன்புள்ள மாமாவுக்கு,

மூவரும் நல்ல உடம்போடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன். உங்களை இப்படித் தவிக்க விட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பதில் எழுத உட்கார்ந்து மூன்று தடவை கிழித்துப்போட்டேன்.

அவர் பிப்ரவரியிலிருந்து வேலைக்குப் போகவில்லை.

பிப்ரவரி எட்டாம் தேதி ஒரு கப்பலிலிருந்து இரும்புக் குழாய்க் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இவர் கிரேனில். கீழே கப்பல் தளத்தில் கட்டைச் சுற்றித் தூக்கும் பட்டை மாட்டிச் சைகை காட்டுகிற வேலை கிரெய்க் என்பவருக்கு. முப்பத்தோரு வயது. எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறார். கட்டு மேலே எழும்பியதும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. குழாய்கள் அவர் மேல் விழுந்தன. அந்த இடத்திலேயே இறந்துவிட்டார்.

ஒரு பட்டை தேய்ந்திருந்ததாம். விசாரணை நடக்கிறது. இவர் மேல் தப்பில்லை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் இவர் பேச்சு அன்றோடு நின்றுபோயிற்று. கேட்டால் ஆமாம், இல்லை, அவ்வளவுதான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். உங்களுக்கும் அத்தைக்கும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இப்போது அதை மீறுகிறேன்.

நான் வேலைக்குப் போகும்போது அவரைத் தனியே விட்டுப் போகப் பயமாக இருக்கிறது. எந்தப் பயம் என்று எழுத மாட்டேன். உங்களுக்கே புரியும். வாழைக்காகத்தான் எழுந்திருக்கிறார், மாமா. வாழைக்காகத்தான் கதவைத் திறந்து வெளியே போகிறார். இப்போது என் நெஞ்சுயரத்துக்கு வந்துவிட்டது. இன்னும் ஒன்றரை மாதத்தில் இங்கே பனி உறையும். மூன்றும் கருகிப்போனால் இவர் என்ன ஆவார்? அவற்றை எப்படிக் காப்பாற்றுவது? சீக்கிரம் எழுதுங்கள்.

சரண்யா


ஆத்தூர்,
29.09.2024

என் தாயி சரண்யாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தோட்டத்தில் உட்கார்ந்து படித்தேன். வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. உன் அத்தை என்ன என்று கேட்டாள். முழங்கால் வலி என்றேன். பிப்ரவரியிலிருந்து நீ ஒருத்தியாய் இதைச் சுமந்திருக்கிறாய். நான் உன்னிடம் ஷிப்ட் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்கு வெயில் தெரியும், வெள்ளம் தெரியும், காற்று தெரியும். உறைகிற பனி தெரியாது. தோட்டக்கலை அதிகாரி சிவப்பிரகாஷ் என்று ஒரு பிள்ளை இருக்கிறான். அவனிடம் போனேன். என் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினான். "அண்ணாச்சி, அங்கன உள்ளவங்க பனி விழுமுன்ன இலையெல்லாம் கழிச்சிருவாங்க. தண்டை முழங்கால் உசரத்துல வெட்டி, கட்டையைப் பேத்து எடுத்து, தலைகீழா வச்சித் தண்ணியை வடிய விட்டு, சாக்குல சுத்தி உள்ள வச்சிருவாங்க. குளிர் முடியவும் திரும்ப நடணும்."

அதை அப்படியே எழுதியிருக்கிறேன். வெட்டச் சொல். வெட்ட மனசு வராவிட்டால் வீட்டுக்குள்ளாவது இழுத்து வைக்கச் சொல். ஒரு ராத்திரிகூட வெளியே இருக்கக் கூடாதாம்.

அவனைத் தனியே விடாதே. பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லி வை. நான் வரட்டுமா? பாஸ்போர்ட்டுக்கு எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நம் தெரு மாடக்கண்ணுவிடம் விசாரித்திருக்கிறேன்.

நயினார்


ஸ்காட்லாந்து,
17.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? முழங்கால் வலி என்று அத்தை என்னிடமும் சொன்னார்கள். நான் உம் கொட்டிக்கொண்டேன்.

உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பதற்காக என்னைக் கோபிக்கவில்லை. ஆனால் வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சிறியது இரண்டையும் சமையலறைக்குள் இழுத்து வைத்தார். நிற்க இடமில்லை, இலையை விலக்கித்தான் அடுப்புக்குப் போக வேண்டும். பெரியது மட்டும் வாசலில் நுழையவில்லை. இலையைக் கழித்தால் நுழையும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

போன செவ்வாய்க்கிழமை காலை நான் இரவு வேலை முடிந்து வந்தபோது பின்கதவு திறந்து கிடந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் தொட்டிப் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தார். வாழையின் இலை எல்லாம் வேகவைத்த கீரை மாதிரிக் கறுத்துத் தொங்கியது. தண்டு கை வைத்தால் அமுங்கியது.

"நேத்தே உள்ள இழுத்திருக்கணும் சரண்யா. தெரிஞ்சே விட்டுட்டேன்" என்றார்.

"போனாப் போகுது, ஒரு வாழைதானே" என்றேன்.

"வாழையைச் சொல்லல."

பிறகு சொன்னார், மாமா. ஒன்பது மாதமாக யாரிடமும் சொல்லாததை. அன்றைக்கு நீர்மட்டம் இறங்குமுன் கப்பல் கிளம்ப வேண்டும் என்று வயர்லெஸில் அவசரப்படுத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கிரெய்க் பட்டையை மாட்டிவிட்டுச் சரிபார்க்கக் குனிந்திருக்கிறார். அவர் நிமிர்ந்து, விலகி நின்று, கை காட்டினால்தான் தூக்க வேண்டும். "அவன் கை காட்டல. காட்டப் போறான்னு நெனச்சித் தூக்கிட்டேன். அஞ்சு செகண்டு இருந்திருக்கலாம்" என்றார்.

அந்த இடம் கேமராவில் விழவில்லை. கிரெய்க் கை காட்டினாரா என்று யாரும் இவரிடம் நேராகக் கேட்கவும் இல்லை. இப்போது அறிக்கை தயாராகிவிட்டது. தேய்ந்த பட்டையைக் கவனிக்காமல் மாட்டி, அவசரப்பட்டுக் கை காட்டியது கிரெய்க்தான் என்று அதில் எழுதியிருக்கிறார்களாம். டிசம்பர் பத்தாம் தேதி கிரெய்க்கின் அம்மாவை வைத்துக்கொண்டு அதை வாசிக்கப்போகிறார்கள். இவரும் போக வேண்டும்.

அங்கே உண்மையைச் சொல்லப்போகிறேன் என்கிறார். சொன்னால் கிரேன் உரிமம் போகும். வழக்கு வருமா, விசா என்ன ஆகும், ஒன்றும் தெரியாது. ஐஸ்வர்யாவுக்கு ஏழு வயது. சொல்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாதீர்கள் என்றும் வரவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பத்தாம் தேதிக்கு முன் உங்கள் பதில் வர வேண்டும்.

சரண்யா


ஆத்தூர்,
01.12.2024

சரண்யாவுக்கு,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

சொல்ல வேண்டாம் என்று சொல். கேட்காத கேள்விக்கு அவன் ஏன் பதில் சொல்ல வேண்டும்? போன உயிர் வரப்போவதில்லை. இருக்கிற மூன்று உயிரைப் பார்க்க வேண்டாமா? தூத்துக்குடியில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டிய ராமர் அண்ணாச்சியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். யார், எவர் என்று சொல்லாமல்தான் கேட்டேன். "வாயைத் தொறக்கப்படாதுன்னு சொல்லும். தொறந்தா கம்பெனிக்காரன் அத்தனையையும் அவன் தலையில கட்டிருவான்" என்றார். அவசரப்படுத்தியவர்கள் மேல் ஒன்றும் வராதாம்.

வெளிநாட்டு ஜெயிலில் என் மகன் இருக்கிறான் என்று தங்கத்தாயிடம் நான் எப்படிச் சொல்வேன்? என்னால் ஆகாது. அவன் காலில் விழுந்து கேட்டதாகச் சொல். அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வரச் சொல்.

நயினார்


ஸ்காட்லாந்து,
22.12.2024

அப்பாவுக்கு, முத்துச்செல்வம் எழுதுவது.

நீங்களும் அம்மாவும் நலமா? உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் தபால் பதின்மூன்றாம் தேதி வந்தது. அதற்குள் நான் சொல்லி முடித்திருந்தேன். முன்பே வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை அப்பா. உங்கள் கையெழுத்து அவ்வளவு கோணி நான் பார்த்ததில்லை.

எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கிரெய்க்கின் அம்மா நேர் எதிரே. அறிக்கையை வாசித்துக்கொண்டே வந்து, அவன் கை காட்டினான் என்ற வரி வந்ததும் நான் எழுந்துவிட்டேன். கை காட்டவில்லை, நான்தான் தூக்கினேன் என்றேன். வயர்லெஸில் யார் அவசரப்படுத்தியது என்பதையும் சொன்னேன். எங்கள் மேலாளர் பேனாவை மூடி வைத்தார். பிறகு மூன்று மணி நேரம் கேள்வி கேட்டார்கள்.

உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வழக்குப் போடுவார்களா என்று தெரிய மாதக்கணக்கில் ஆகுமாம். எங்கள் விசா சரண்யாவின் வேலையில் இருப்பதால் இப்போதைக்கு இங்கே இருக்கலாம். பயம் இருக்கிறது. ஆனால் நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

வெளியே வந்தபோது பஸ் நிறுத்தத்தில் கிரெய்க்கின் அம்மா தனியாக நின்றார். நான் அந்தப் பக்கம் போகாமல் திரும்பினேன். அவராகவே கூப்பிட்டார். "அவன் கை காட்டவில்லைதானே?" என்று கேட்டார். "காட்டவில்லை" என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

சமையலறையில் இருந்த இரண்டு வாழையையும் போன வாரம் வெட்டிக் கட்டையை எடுத்துச் சாக்கில் சுற்றி வைத்தேன். ஒன்றில் அழுகல் வாடை வருகிறது. சட்டையெல்லாம் கறை.

முத்துச்செல்வம்


ஆத்தூர்,
11.01.2025

மகன் முத்துச்செல்வத்துக்கு, அப்பா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. நான் டிசம்பரில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு. அது பயத்தில் எழுதியது. பயம் இன்னும் போகவில்லை, தினமும் தபால்காரர் வந்துபோகும்வரை வாசலிலேயே நிற்கிறேன். ஆனாலும் கிழித்துப் போடு.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிதங்களை வரிசையாக வைத்து வாசித்துக் காட்டினேன். நான் மறைத்ததற்கு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அடுப்படியிலிருந்து வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். உனக்கு என்ன ஆகும் என்று கேட்பாள் என்று நினைத்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. என் காதுப் பக்கம் குனிந்து, "அந்தப் பையனோட அம்மா பேரு என்ன? அவன்கிட்ட கேட்டு எழுதச் சொல்லுங்க" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன். கடிதத்தாள் ஒன்றைக் கிழித்து, பேனாவோடு என் முன்னால் வைத்தாள்.

பெயரை எழுது. மூவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா